பாட்டின் பிபிஎம் அளப்பது எப்படி? மைக் செட்டிலிருந்து டிஜே வேலைக்கு வருவோருக்கான கேள்வி பதில்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கடலோர ஊர்களில் மைக் செட் வைத்திருக்கும் பல வீடுகளில் இப்போது ஒரு லேப்டாப்பும் சின்ன டிஜே கன்ட்ரோலரும் சேர்ந்துவிட்டன. அப்பா ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்கிறார், பிள்ளைகள் பாட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குத்தான் இங்கே பதில். ஹவுஸ், டெக்னோ பாட்டை வைத்துச் சொல்லித்தரும் பாடங்கள் எங்கும் கிடைக்கின்றன. நம் கல்யாணத்திலும் முளைக்கொட்டுத் திருவிழாவிலும் ஓடுகிற பாட்டுக்கு அவை பாதித் தூரம்தான் வரும்.

பிபிஎம் என்பது என்ன?

ஒரு நிமிடத்தில் விழும் அடிகளின் எண்ணிக்கை. 120 என்றால் அரை விநாடிக்கு ஓர் அடி. பாட்டைக் கேட்கும்போது கால் தானாகத் தட்டுகிறதே, அந்த இடம்தான் அடி. இரண்டு பாட்டின் அடிகளும் ஒரே வேகத்தில், ஒரே நேரத்தில் விழுந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டம் நிற்காமல் போக முடியும்.

மென்பொருளே பிபிஎம் காட்டுகிறதே, நான் எதற்கு அளக்க வேண்டும்?

கணினியில் செய்த பாட்டாக இருந்து, பேஸ் டிரம் நான்கு நான்காகச் சீராக விழுந்தால், அது காட்டுவதை நம்பலாம். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, ட்ராக்டர், விர்ச்சுவல் டிஜே, இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் (பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் வரும்) எல்லாமே இந்த வகைப் பாட்டை நன்றாகவே அளக்கின்றன. நம்மூர்ப் பட்டியலில் இப்படிப்பட்ட பாட்டு பாதிகூடத் தேறாது என்பதுதான் சிக்கல். 'தகிட தகிட' என்று ஓடும் ஆறடிக் குத்து, ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்த 70களின் பாட்டு, கேசட்டிலிருந்து ஏற்றியது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. மென்பொருள் வழுக்குவது இங்கேதான். சந்தேகம் வந்தால் வேறு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள் சிலர். இரண்டும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு. காதால் சரிபார்ப்பதே மேல்.

இன்னொன்று, பாதி-இரட்டிப்புத் தவறு. 85 உள்ள பாட்டை 170 என்று காட்டும், 140ஐ 70 என்று காட்டும். இது தொல்லை இல்லை, ஒரு பொத்தானில் சரியாகிவிடும். பல மென்பொருள்களில் 'இந்த எல்லைக்குள் தேடு' என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கலாம்.

மென்பொருள் இல்லாமல் கையால் எப்படி அளப்பது?

செல்போனில் ஸ்டாப்வாட்ச் போதும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது என்று பலர் சொல்லித்தருகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். 15 விநாடியில் ஓர் அடி கூடக்குறைய எண்ணினால் விடையில் 4 பிபிஎம் பிசகும். நேரத்தை வைத்துக்கொண்டு அடியை எண்ணாமல், அடியை வைத்துக்கொண்டு நேரத்தை அளக்க வேண்டும். 64 அடி போக எத்தனை விநாடி ஆனது என்று பாருங்கள். அடிகளை 60ஆல் பெருக்கி, விநாடியால் வகுத்தால் பிபிஎம். 64 அடிக்கு 30 விநாடி என்றால் 64 × 60 ÷ 30, அதாவது 128.

வாட்சை அழுத்தும் அடிக்கு 'ஒன்று' என்று சொல்லக்கூடாது, 'பூஜ்யம்' என்று சொல்ல வேண்டும். முதல் அடியை ஒன்று என்று வைத்து 64இல் நிறுத்தினால், நடுவில் இருப்பது 63 இடைவெளிதான். உண்மையில் 128 ஆக இருக்கும் பாட்டு 130 என்று வரும். 'என் கணக்கு எப்போதும் இரண்டு கூடவே வருது அண்ணே' என்று சொல்பவர்களை ஒரு தடவை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு நீளமாக அளக்கிறோமோ அவ்வளவு துல்லியம். வாட்சைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கை பிசகுவது இரண்டும் சேர்ந்து 0.2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 15 விநாடி அளந்தால் 128க்கு ஏறக்குறைய 1.7 பிபிஎம் தவறு. இரண்டு நிமிடம் அளந்தால் அதே கைப்பிசகு ஏறக்குறைய 0.2 பிபிஎம்மோடு அடங்கிவிடும். கை அதேதான், அளவுதான் நீளம்.

மென்பொருளின் டேப் (tap) பொத்தானை அடிக்கு அடி தட்டினால் போதாதா?

போதும், நிறையத் தட்டினால். நான்கு தட்டு தட்டிவிட்டு எண்ணைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். 100 பிபிஎம் பாட்டில் நான்கு தட்டுக்கு மூன்று இடைவெளி, 1.8 விநாடி. முதல் தட்டும் கடைசித் தட்டும் சேர்ந்து 50 மில்லிசெகண்ட் பிசகினாலே கிட்டத்தட்ட 3 பிபிஎம் போய்விடும். 64 தட்டு தட்டினால் அதே பிசகு 0.13தான். சில மென்பொருள்கள் கடைசிச் சில தட்டுகளை மட்டுமே சராசரி பார்க்கும். அதில் எத்தனை நேரம் தட்டினாலும் எண் ஆடிக்கொண்டே இருக்கும், அப்போது ஸ்டாப்வாட்ச்சுக்கே போய்விடுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுத் தட்டலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஒலி தாமதமாக வந்தாலும் எல்லா அடியும் ஒரே அளவு தாமதமாகத்தான் வரும், இடைவெளி மாறாது. ஆனால் மேடையில் மிக்ஸ் பண்ண புளூடூத் ஹெட்ஃபோன் ஆகாது, அங்கே அந்தத் தாமதமே அடியைத் தள்ளிவிடும்.

இதைவிடத் துல்லியமாக வேண்டும் என்றால்?

ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருள் இலவசம். பாட்டைத் திறந்து, அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒரு பேஸ் டிரம் அடி எழும்பும் இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டின் கடைசிப் பக்கம் போய் இன்னோர் அடியைக் குறியுங்கள். நடுவில் எத்தனை அடி என்று எண்ண வேண்டும், அதே சூத்திரம்தான். முதல் குறி 12.480 விநாடி, 200 அடி தாண்டி அடுத்த குறி 132.470 என்று வந்தால், இடைவெளி 119.990 விநாடி. 200 × 60 ÷ 119.990 என்பது 100.01. அதாவது பாட்டு 100தான். கணினியில் செய்த பாட்டுக்குப் பெரும்பாலும் முழு எண்ணைத்தான் வைத்திருப்பார்கள். 97.98 வந்தால் 98 என்று எழுதிக்கொண்டு நகருங்கள். 100.4 மாதிரி வந்தால் மட்டும் கோப்பைச் சந்தேகப்படுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தசமத்தில் எவ்வளவு வரை பார்க்க வேண்டும்?

இரண்டு பாட்டும் எவ்வளவு நேரம் சேர்ந்து ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. 128இல் ஓர் அடியின் நீளம் 469 மில்லிசெகண்ட். இரண்டு பாட்டுக்கும் 0.1 பிபிஎம் வித்தியாசம் இருந்தால் ஒரு நிமிடத்தில் அடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 47 மில்லிசெகண்ட் விலகும். 32 அடி, 15 விநாடி மட்டும் சேர்த்து ஓட்டினால் விலகல் 12 மில்லிசெகண்ட், யாருக்கும் தெரியாது. 0.5 பிபிஎம் வித்தியாசம் என்றால் அந்த 15 விநாடியிலேயே 59 மில்லிசெகண்ட் ஆகிவிடும். பேஸ் டிரம் 'டும்' என்பதை விட்டு 'டுடும்' என்று குதிரை ஓடுகிற மாதிரி கேட்கத் தொடங்கும்.

நம் கல்யாண வீட்டில் ஒரு நிமிடம் இரண்டு பாட்டை ஒன்றாக ஓட்டினால் ஆடுகிறவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். பல்லவி வந்ததும் அடுத்த பாட்டு வேண்டும் அவர்களுக்கு. அதனால் 0.1 வரை சரியாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். இரண்டாவது தசமத்தைத் துரத்துகிற நேரத்தில் ஆறடிப் பாட்டுகளைச் சரிபார்க்கலாம்.

குத்துப்பாட்டு போட்டால் மட்டும் ஏன் எண் தாறுமாறாக வருகிறது?

டப்பாங்குத்தும் நையாண்டி மேளத்துப் பாட்டும் பெரும்பாலும் ஆறடி ஓட்டம். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு 'தகிட'வுக்கும் ஒரு கைத்தட்டு, ஒரு தட்டுக்குள் மூன்று சின்ன அடி. மென்பொருள்களோ 'தகதிமி'யை, அதாவது இரண்டாகவும் நான்காகவும் பிரிகிற அடியை, எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. தட்டு நிமிடத்துக்கு 96 என்றால் சின்ன அடிகள் 288. அவற்றை இரண்டிரண்டாகக் கட்டினால் 144 என்று காட்டும், நான்கு நான்காகக் கட்டினால் 72. 72ஐ இரட்டித்தால் 144, பாதியாக்கினால் 36. பாதி-இரட்டிப்புப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் 96 வரவே வராது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கை சேர்கிற இடம்தான் அடி. பாட்டைப் போட்டு அதே மாதிரி கைகொட்டி, 64 கொட்டுக்கு நேரம் பாருங்கள். அந்த விடையை மென்பொருள் காட்டியதோடு ஒப்பிடுங்கள். மென்பொருளின் எண் ஒன்றரை மடங்காக இருந்தால் மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். முக்கால் மடங்காக இருந்தால் மூன்றில் நான்கால். மிக்ஸ் மென்பொருளில் இதற்கென்றே 2/3, 3/4, 4/3, 3/2 பொத்தான்கள் இருக்கின்றன. மற்றவற்றில் எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்துவிட்டு, முதல் அடியைக் கையால் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

சரி, 96இல் இருக்கும் தகிட பாட்டையும் 96இல் இருக்கும் தகதிமி பாட்டையும் சேர்த்து ஓட்டலாமா? எண் ஒத்துப்போகும், உள்ளே இருக்கும் சின்ன அடிகள் ஒத்துப்போகாது. மூன்றும் நான்கும் மோதுகிற அந்த நெருடல் இரண்டு தட்டு வரை சுவையாக இருக்கும், அதற்கு மேல் சந்தைக்கடைதான். தவிலோ உறுமியோ ஒரு முத்தாய்ப்பு வாசித்து நிறுத்தும் இடம் பார்த்து, அடுத்த அடியில் புதுப் பாட்டை வெட்டிப் போடுங்கள். அந்த வெட்டு சரியாக விழுந்தால் கூட்டத்திலிருந்து வரும் விசில் எந்த நீண்ட மிக்ஸுக்கும் வராது.

எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டை அளந்தால் தொடக்கத்தில் ஒரு எண், முடிவில் ஒரு எண். எது சரி?

இரண்டும் சரி. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஒரே அறையில் உட்கார்ந்து, நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்த பாட்டு அது. சரணத்தில் லேசாகத் தளரும், கடைசிப் பல்லவியில் ஏறும். டிரம் மெஷின்களும், மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க 1983இல் வந்த மிடி முறையும் பரவிய பிறகுதான் பாட்டு முழுக்க ஒரே வேகம் என்பது வழக்கமானது.

இப்படிப்பட்ட பாட்டுக்குச் சராசரி எண் உதவாது. எந்த இடத்தில் உள்ளே வரப்போகிறீர்களோ அந்த 32 அடியையும், எந்த இடத்தில் வெளியேறப் போகிறீர்களோ அந்த 32 அடியையும் தனித்தனியாக அளந்து வையுங்கள். உள்ளே 112, வெளியே 115 என்று இரண்டு எண். ரெக்கார்ட்பாக்ஸில் டைனமிக் என்ற பகுப்பாய்வு முறை இருக்கிறது, வேகம் மாறும் பாட்டுக்கு அடிக்கோடுகளை (அடி விழும் இடத்தைக் காட்டும் கோடுகளை) மாற்றி மாற்றிப் போடும். ஆபத்துக்கு உதவும், ஆனால் தபேலா மட்டும் வாசிக்கிற இடத்தில் அதுவும் தடுமாறும். இந்தப் பாட்டுகளில் வேகத்தைத் தானே சேர்க்கும் சிங்க் பொத்தானைத் தொடாமல், கன்ட்ரோலரின் சுழல் தட்டான ஜாக் வீலில் விரல் வைத்து ஓட்டப் பழகுங்கள்.

ஒரே பாட்டு, என்னிடம் 100, நண்பனிடம் 104. யாருடையது சரி?

இரண்டையும் வகுத்துப் பாருங்கள், விடையிலேயே காரணம் தெரியும். விகிதம் 1.0417 ஆக இருந்தால் நண்பனுடையது வீடியோவிலிருந்து எடுத்தது. சினிமா விநாடிக்கு 24 படம். பால் (PAL) முறை டிவிக்கு 25 படம். 24ஐ 25ஆக வேகப்படுத்தி ஓட்டும்போது பாட்டும் 4.17 சதவீதம் வேகமாகிவிடும், சுருதியும் முக்கால் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். விகிதம் 1.088 ஆக இருந்தால், விநாடிக்கு 44,100 ஒலி மாதிரி (சாம்பிள்) என்று பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டியிருக்கிறார்கள், 100 என்பது 108.8 ஆகிவிடும். கேசட்டிலிருந்து ஏற்றியதற்கு ஒழுங்கான விகிதமே வராது. அந்தந்த டெக்கின் மோட்டார் எப்படி ஓடியதோ அப்படி. காப்புரிமைச் சோதனையிலிருந்து தப்ப வேகத்தைக் கொஞ்சம் மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு. முறையாக வாங்கிய கோப்பில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

பிபிஎம் சரியாக இருக்கிறது, ஆனாலும் அடி ஒட்டவில்லையே?

வேகம் வேறு, இடம் வேறு. எண் சரியாக இருந்தும் அடிக்கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கம் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும். அதை ஒரு மென்பொருள் கணக்கில் எடுக்கும், இன்னொன்று எடுக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றும்போது 26 மில்லிசெகண்ட் அளவுக்கு எல்லாப் பாட்டும் ஒரே பக்கம் தள்ளிப்போனால் காரணம் இதுதான்.

கடற்கரையில் போடும் மேடையில் இன்னொரு காரணமும் உண்டு. 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து உங்கள் காதுக்கு வர 100 மில்லிசெகண்ட். திருவிழாவில் தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டியிருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டையும், தூரத்துப் பெட்டியில் ஓடுகிற பாட்டையும் கேட்டு அடி சேர்த்தால், நீங்கள் கச்சிதமாகச் சேர்த்ததே தவறாகத்தான் இருக்கும். உங்கள் காலடியில் ஒரு மானிட்டர் பெட்டி வையுங்கள், அல்லது இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனிலேயே கேளுங்கள். காற்று பலமாக அடித்தால் ஒலி ஒரு பக்கமாக அள்ளிப்போகும், பாட்டின் வேகம் மாறாது.

ஜெனரேட்டர் கரண்டில் வேகம் மாறுமா?

லேப்டாப்பிலும் கன்ட்ரோலரிலும் மாறாது, அவற்றின் கடிகாரம் உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற ரிக்கார்டு சுழற்றும் தட்டும் அப்படித்தான், அதிலும் குவார்ட்ஸ் கட்டுப்பாடு. கரண்டின் 50 ஹெர்ட்ஸை நம்பி மோட்டார் ஓடுகிற பழைய ரிக்கார்டு பிளேயரில் மட்டும் மாறும். ஜெனரேட்டர் 48இல் ஓடினால் பாட்டு 4 சதவீதம் இழுக்கும்.

124ஐ 128 ஆக்க எத்தனை சதவீதம்?

வேண்டியதை இருப்பதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்குங்கள். 124லிருந்து 128க்கு 3.23 சதவீதம் ஏற்றம். 128லிருந்து 124க்கு 3.13 சதவீதம் இறக்கம், இரண்டும் ஒன்றல்ல. சுருதி மாறாமல் காக்கும் கீ லாக் போடாவிட்டால் ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஓர் அரைச்சுரம் மாறும். பாடகர் குரல் உள்ள பாட்டை 4 சதவீதத்துக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. நாதஸ்வரம் உள்ள பாட்டில் அதுகூட உறுத்தும்.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைச் செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன். பீட் சேர்க்க முடியுமா?

முடியும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாட்டின் வேகத்தை வைத்திருப்பது வலை. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் பின்னால் சாய்ந்து இழுக்க, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடும்போது கயிறு ஒரு முழம் வரும். பாரம் கூடினால் பாட்டு தளரும், வலையின் மடி (மீன் சேரும் பை) கரையை நெருங்கினால் ஏறும்.

ஆடாசிட்டியில் லேபிள் தடம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு இழுப்பிலும் பின்பாட்டு தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். காற்று மைக்கில் மோதும் இரைச்சலைக் குறைக்க 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் குறிப்பது சுலபம். ஒவ்வொரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எழுதிக்கொண்டே போனால், பாட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். இப்போது இரண்டு வழி. குரலை நீட்டிச் சுருக்கி ஒரே பிபிஎம்மில் உட்கார வைக்கலாம், ஏபிள்டன் மாதிரி மென்பொருளில் வார்ப் என்ற வசதி இதற்குத்தான். அல்லது குரலை அப்படியே விட்டு, டிரம்மை அதன் பின்னால் போகவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இழுப்பின் பாரத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் மிஞ்சுவது மெட்டு மட்டும்தான். பதிவில் யார் குரல் இருக்கிறதோ அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடரைத் தொடாமலே பிபிஎம் எண் துடிக்கிறது. என்ன கோளாறு?

உப்புக்காற்று. ஃபேடரின் உள்ளே உப்பும் தூசியும் படிந்தால் 100.0, 100.1, 99.9 என்று எண் ஆடும். ஃபேடருக்கு ஏற்ற கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள், மேலே போர்வை போடுவது பத்தாது.

அளந்ததை எங்கே எழுதி வைப்பது?

எம்பி3 கோப்போடு சேர்ந்தே இருக்கும், பாட்டின் விவரங்களை எழுதும் ஐடி3 குறிப்பில் பிபிஎம்முக்கு ஒரு கட்டம் உண்டு. விதிப்படி அதில் முழு எண் மட்டும்தான் எழுத வேண்டும். 97.5 என்று நீங்கள் பாடுபட்டு அளந்தது வேறொரு லேப்டாப்பில் 97 அல்லது 98 என்று திறக்கலாம். அதனால் குறிப்புரைக் கட்டத்திலும் எழுதுங்கள். 'தகிட 96', 'உள்ளே 112 வெளியே 115', 'வீடியோ பிரதி, வேகம் கூட' என்கிற மாதிரி சுருக்கமாக. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், 9.50க்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று பாட்டு கேட்பார்கள். அப்போது ஸ்டாப்வாட்சைத் தேட முடியாது, இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.